‘வெள்ளக் கதவு’ இரண்டாம் பாகம்

காமிக்ஸ் என்றதும் மற்றவர்களுக்கு அச்சு மை வாசனை ஞாபகம் வருமாம். எனக்கு வருவது டிஞ்சர் வாசனை. நான் படித்த நல்ல கதைகளில் முக்கால்வாசி, கல்வராயன் மலையில் ஓர் அரசாங்க மருந்தகத்தின் அலமாரியில், பஞ்சுச் சுருளுக்கும் வயிற்றுவலி மிக்ஸ்சருக்கும் நடுவே கிடந்தவை. அலமாரிக்குப் பொறுப்பாளர் கம்பவுண்டர். நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்த வாத்தியார். அவர் மணலூர்பேட்டைக்காரர், நான் திருக்கோவிலூர்ப் பக்கம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சாயங்கால பஸ் மலையிறங்கிப் போய்விட்டால் பேச்சுத்துணைக்கு வேறு ஆள் கிடையாது. முகமூடி போட்டவன் மாடிக்கு மாடி தாவுகிற கதையை இரண்டு அரசாங்க உத்தியோகஸ்தர்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஊர் சிரிக்குமே என்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் மருந்து விளம்பரத் தாளை அட்டையாகப் போட்டு வைத்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ இருமல் ஆராய்ச்சி நடப்பது போலிருக்கும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு பாய் புத்தகக் கடை வைத்திருந்தார். மாதாமாதம் எங்களுக்கான புத்தகங்களை எடுத்து வைத்து மலை பஸ்ஸில் அனுப்புவார். அந்தக் காலத்தில் இரண்டு கம்பெனிகள்தான் எங்களுக்குக் கணக்கு. ஒன்றுக்கு மெட்ராஸ் கம்பெனி என்றும் மற்றதற்குத் தெற்கத்திக் கம்பெனி என்றும் நாங்களே பேர் வைத்திருந்தோம். மெட்ராஸ்காரர்களின் அட்டை பளபளவென்று கண்ணைப் பறிக்கும். தாள் வெள்ளை, படம் துல்லியம். பத்துப் பேர் சூழ்ந்து சுட்டாலும் நாயகனின் தலைமுடிகூடக் கலையாது. கடைசிப் பக்கத்தில் எங்கிருந்தாவது ஒரு ஹெலிகாப்டர் வந்துவிடும். தெற்கத்திக் கம்பெனியின் தாளைத் தொட்டால் விரலில் கருப்பு ஒட்டும். அட்டையில் நீலம் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் என்று விலகி நிற்கும். ஆனால் அவர்களுடைய நாயகன் ‘சாம்பல் பருந்து’ பசிக்கிறது என்று சொல்வான். இயந்திரச் சிறகைக் கழற்றி வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொள்வான். ஒரு கதையில் கை முறிந்தால் அடுத்த கதைக்கும் கட்டோடுதான் வருவான். கம்பவுண்டர் அவன்மேல் உயிரையே வைத்திருந்ததற்கு அந்தக் கட்டுதான் காரணம். “எலும்பு கூடுறதுக்கு ஆறு வாரம் ஆவும் சார். மெட்ராஸ்காரனுக்கு ஆறு பக்கம் போதுமாம். இன்னா வைத்தியமோ!” என்பார்.

நான் மெட்ராஸ் கட்சி. பகலெல்லாம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து, கதையிலும் ஒருத்தன் அடிபட்டுக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஹெலிகாப்டர் வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதைச் சொன்னால், “நீங்க கொயந்த புள்ள சார்” என்று சிரிப்பார். ஆனால் பாய்க்குச் சொல்லியனுப்பி, எனக்காக மெட்ராஸ் புத்தகத்தையும் விடாமல் வரவழைத்தவர் அவர்தான்.

இப்போது ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்திருக்கிறேன். காமிக்ஸ் பிரியர்களின் செல்போன் குழு ஒன்றில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். எந்தக் கம்பெனி உசத்தி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வாரத்துக்கு ஒருத்தராவது கேட்பார்கள். புதிதாகப் படிக்க வருபவர்கள் மெட்ராஸ் கம்பெனியின் ‘பேசாத எந்திரம்’ கிடைத்தால் முதலில் அதைப் படியுங்கள் என்று சொல்வேன். சிரிப்பும் வேகமும் கலந்த நல்ல கதை, குழந்தைக்கும் கொடுக்கலாம். அதன் பிறகு ‘தங்கப் பல்லி மர்மம்’. கொஞ்சம் மனசு பழகியபின் தெற்கத்திக் கம்பெனிக்கு வாருங்கள், ‘பருந்தின் பசி’யில் தொடங்கி ‘முறிந்த சிறகு’ வரை வரிசை மாறாமல் படியுங்கள் என்பேன். யாராவது ஒருத்தர் கட்டாயம் அடுத்த கேள்வியைக் கேட்பார்: “அப்ப ‘வெள்ளக் கதவு’, சார்?” அதற்கு மட்டும் நான் பதில் போடுவதில்லை. அந்தக் கதையின் முதல் பாகம் வந்தது. இரண்டாம் பாகம் வரவே இல்லை. அந்த வருஷத்தோடு கம்பெனியை மூடிவிட்டார்கள். முதல் பாகத்தின் கடைசிப் படத்தில் அணை விரிசல் விட்டிருக்கிறது. ஒற்றைச் சிறகோடு சாம்பல் பருந்து, மதகுக் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நிற்கிறான். கீழே ஊர் இருக்கிறது. ‘தொடரும்’ என்று போட்டிருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த மறுவாரம் கம்பவுண்டரைக் கண்ணாடி விரியன் கடித்தது. மருந்தகத்துக்குப் பின்னால் விறகு உருவப் போனவர், காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தார். எத்தனையோ பேருக்குப் போட்ட விஷமுறிவு ஊசியை, கையிருப்பில் இருந்தவரை தனக்கே போட்டுக்கொண்டு, “ஜீப்பு கெடைக்குமான்னு பாருங்க சார்” என்று நிதானமாகச் சொன்னார். வனத்துறை ஜீப்பில் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். விஷம் முறிந்துவிட்டது என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. மறுநாள் முதல் அவருக்குச் சிறுநீர் குறைந்தது. பாட்டிலை அவரே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “கலரு சரியில்ல” என்றார். பிறகு அதுவும் நின்றுபோய் முகம் வீங்கத் தொடங்கியது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரம் பாண்டிச்சேரியில்தான் இருக்கிறது, உடனே கொண்டுபோ என்று டாக்டர் சொன்னார்.

கொண்டுபோக வழி இல்லை. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்கு உரிய பங்கு கேட்டு மாவட்டம் முழுக்கச் சாலை மறியல் தொடங்கிய வாரம் அது. தியாகதுருகத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வரை புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பேப்பர்கூட வரவில்லை. கம்பவுண்டரின் சொந்தத் தம்பியே மணலூர்பேட்டைப் பக்கம் ஏதோ ஒரு மரத்தருகே மறியலில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் படுத்திருப்பது அவனுக்குத் தெரியாது, தெரிவிக்கவும் வழியில்லை. கம்பவுண்டர் அவர்கள்மேல் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. “நாயமாத்தான் கேக்குறாங்க சார். என் தம்பி படிச்சிட்டு எத்தினி வருசமா சும்மா கீறான். எனக்கு மட்டும் கொஞ்சம் வழி உட்டா போதும்” என்றார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. டாக்டர்மேல், பாம்புமேல், சாய்ந்து கிடந்த மரங்கள்மேல் எல்லாம் கோபமாக வந்தது.

படுத்தபடியே அவர் கேட்டது ஒன்றுதான். “ரெண்டாம் பாகம் வந்துச்சா சார்?” முதல் நாள் இல்லை என்றேன். அடுத்த நாளும் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறியலுக்கு முன்னாலேயே பாய் கடைக்கு ஒரே ஒரு பிரதி வந்ததாம், அதை யாரோ வாங்கிப் போகும்முன் நின்ற வாக்கில் படித்துவிட்டேன் என்று கூசாமல் புளுகினேன். “சொல்லுங்க, சொல்லுங்க” என்று தலையணையை நிமிர்த்தச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் மலைக்காரர் ஒருவர், தேனெடுக்கப் போய் விழுந்து தொடை முறிந்து, காலில் கட்டோடு கிடந்தார். அவரும் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சொன்னேன். கதவு பிளக்கப் போகிற நேரத்தில் வானத்தில் சத்தம் கேட்கிறது. ராணுவ ஹெலிகாப்டர். கயிறு இறங்குகிறது. இரும்புத் தூண்களை இறக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். பருந்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். ஊரே கையசைக்கிறது. சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. கம்பவுண்டர் முழுசாகக் கேட்டுவிட்டு, வீங்கின கண்களால் என்னையே பார்த்தார். “இது மெட்ராஸ் கம்பெனி முடிவு சார்” என்றார். “தெற்கத்திக்காரன் ஹெலிகாப்டர் உட மாட்டான். நெசமா இன்னா ஆச்சி, அதச் சொல்லுங்க.”

அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை. ஆறு வாரம் ஆகும் என்பதை ஆறு பக்கத்தில் முடிக்காதே என்று கேட்கிற குரல். வேறு வழி தெரியாமல் இன்னொன்றைச் சொன்னேன். யாரும் வரவில்லை. ஊர் ஜனம் மேட்டில் ஏறுகிறவரை அவன் கதவைத் தாங்குகிறான். கடைசிக் குழந்தையும் ஏறிய பிறகு கதவு உடைகிறது. தண்ணீர் வடிந்தபின் சிறகு மட்டும் கிடைக்கிறது. சொல்லி முடித்ததும் அவர் தலையாட்டி, “ம். இதான் அவங்க கைவேல” என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே போய், வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் விடிந்ததும், “ரோட்டப் பாத்துட்டு வரேன், வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, பாயிடம் சைக்கிள் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு மரத்தருகிலும் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் என்னை விரட்டவில்லை. “ஆஸ்பத்திரி கேசா? ஏம்பா மொதல்லியே சொல்லல?” என்று ஓர் ஆள் தன் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டான். ஒரு வேன் நுழைகிற அளவுக்குக் கிளைகளைக் கழித்து ஒதுக்குவதாக ஒவ்வொரு இடத்திலும் ஒப்புக்கொண்டார்கள். வேனும் ஒன்று கிடைத்தது. சைக்கிளை அதன்மேல் கட்டிக்கொண்டு நான் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது சாயங்காலம். கட்டில் காலியாக இருந்தது. மதியமே போய்விட்டார் என்றாள் நர்ஸ். பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வாத்தியாராக இருந்தேன், ஆயிரம் கதை சொல்லியிருப்பேன். ஆனால் சாகக் கிடந்தவனிடம் நாயகன் செத்துப்போனான் என்று நான் சொன்னது என்னை விடவே இல்லை. ஹெலிகாப்டரையே அழுத்திச் சொல்லியிருக்கலாமோ, அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு பகலைத் தள்ளியிருப்பாரோ என்று குளிக்கும்போது தோன்றும், பஸ்ஸில் தோன்றும், பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது தோன்றும். டிஞ்சர் வாசனை அடித்தால் ‘நெசமா இன்னா ஆச்சி’ என்று பக்கத்திலிருந்து கேட்பது போலிருக்கும். நான் திரும்பிப் பார்த்ததுகூட உண்டு.

போன தை மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக் கல்யாணத்துக்கு மலைக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த கிழவர், சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவப் போகையில் காலை இழுத்து இழுத்து என் பின்னாலேயே வந்தார். “கம்பவுண்டருகூட இருந்த வாத்தியாருதானே நீங்க? பக்கத்துக் கட்டில்ல கெடந்தேனே, நாந்தான்” என்றார். அவரே தொடர்ந்தார்.

“அன்னிக்கி நீங்க ரோட்டப் பாக்கப் போனப்புறம் அவரக் கேட்டேன். ‘இன்னாங்க, அந்த றெக்க கட்டுன ஆளு செத்தே பூட்டானா’ன்னு. சிரிச்சாருங்க. ‘வாத்தியாருக்குத் தெரியாது. அந்தப் பொஸ்தகமே இன்னும் வரல. என்னத் தேத்த ஒண்ணு சொன்னாரு, நான் ஒத்துக்கலன்னு இன்னொண்ணு சொன்னாரு, பாவம்’னாரு. ‘அவன் சாவல. கதவப் புடிச்சிக்கினுதான் நிக்கிறான். சேக்காளி ஒருத்தன் வழி தெறக்கப் போயிருக்கான், வந்துடுவான்’னாரு. வாசலப் பாத்துக்கினே இருந்தாருங்க.”

கல்யாண வீட்டு மேளம் காதை அடைத்தது. கிழவர் இன்னும் கிட்டே வந்து, எழுத்து தெரியாதவர்கள் படித்தவர்களிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டார். “எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. கோமுகி டேம் பக்கம் போவும்போதெல்லாம் மதகப் பாத்துக்கினே போவேன். அந்தச் சேக்காளி வந்துட்டானா வாத்தியாரே?”

“வந்தான்” என்றேன். “சாயங்காலம்தான் வந்தான்.”