எனக்கு விழுந்த திட்டு

என் அம்மாவுக்குத் திட்டவே வராது என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மட்டும் அதில் உடன்பாடு இல்லை. ஏழு வயதில், தெருவே பார்க்க அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

ஆரணியில் எங்கள் தெருவில் காலையில் பட்டுப் பாவை நீளமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. எண்ணெய்க் கை பட்டால் கறை போகாது, புடவையும் விலை போகாது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இது நடை பழகும்போதே தெரிந்துவிடும். சித்தப்பா தேவிகாபுரத்திலிருந்து விரும்பிக் கட்டிக்கொண்டு வந்த சித்திக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் கழனி வேலைதான். அந்தக் கல்யாணத்தில் அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. “ஒரு தப்பு நடக்கட்டும், ரெண்டு பேரையும் வேற வூடு பாத்துக்கச் சொல்லிடறேன்” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாராம்.

அன்று சித்தி வாசலில் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். பாவுக்கு அந்தப் பக்கம் பூக்காரி வந்தாள். சித்தி எழுந்து, துணிக்கொடியைத் தூக்குவதுபோல் பாவைக் கையால் தூக்கிவிட்டுக் குனிந்து போனாள். நானும் பின்னாலேயே நுழைந்தேன், தலை படாமல்தான்.

சந்தன நிறப் பாவில் கறை பளிச்சென்று தெரிந்தது. அப்பா அந்தக் கோடியிலிருந்து வந்தார்.

“எவ கைய வெச்சது?”

சித்திக்கு முகம் வெளுத்துப்போனது. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து என் சடையைப் பிடித்தாள்.

“எத்தினி தபா சொல்றது, எண்ணெத் தலையோட பாவுக்குக் கீழ பூந்து ஓடாதன்னு!”

“நான் இல்லம்மா, சித்திதான்…”

வாயிலேயே ஓர் அடி விழுந்தது. “தப்பும் பண்ணிட்டு, பெரியவங்க மேல பழி போட்டுகினு நிக்கிறியா?”

அதற்குப் பிறகு அம்மா திட்டியதெல்லாம் அவளுக்கே புதிதாக இருந்திருக்கும். கடைசியில் அப்பாவே, “வுடு, கொழந்தைதானே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். செய்த தப்பு உறுத்துகிறது என்று முடிவு கட்டி, நஷ்டஈடாக சேமியா ஐஸ் கேட்டு வாங்கித் தின்றேன். அம்மாவோடு மட்டும் பேசவில்லை. உண்மை தெரிந்தும் என்னை அடித்தாளே என்று மனம் ஆறவே இல்லை. எவ்வளவு திட்டினாலும் அந்த வீட்டைவிட்டு யாரும் அனுப்ப முடியாதவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.