சங்குக்கு முந்திய கருவாடு

செத்த காலேஜ் என்று சொல்லும் மியூசியத்தில் பஞ்சடைத்த புலியையும், பிறகு கலங்கரை விளக்கையும் பார்த்துவிட்டு, தெருவில் ஆப்பம் வாங்கித் தின்றபடி சென்னப்பட்டணத்துக் கடற்கரைக்கு வந்தேன். அங்கே மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி கருவாடு சுட, அந்த வாசனையில் பட்டணமே மறைந்து, இன்று தங்கம் பிரித்த கழிவான சயனைடு மண்மேட்டுக்கு அடியில் கிடக்கும் எங்கள் தங்கவயல் மூங்கில் தட்டி வீடுகள் எழுந்து வந்தன.

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிய பிறகுதான் அங்கே கருவாட்டை நெருப்பில் போடுவார்கள். முந்திச் சுட்டால் சுரங்கத்துக்குள் போன ஆள் மேலே வராது என்று பயம். அப்பா அந்த வாசனை பிடித்தே பாறைத்தூள் படிந்த முகத்தோடு வந்து உட்கார்ந்து, தான் ஒருமுறை பார்த்த பட்டணத்தைப் பற்றிச் சொல்லுவார்.

"உன்னையும் இட்டுக்கினு போறேன் கண்ணு."

ஒருநாள் மழை மூட்டத்தில் பொழுது தெரியவில்லை. சங்கு ஊதியதும் அம்மா கருவாட்டைத் தணலில் போட்டாள். சங்கு நிற்காமல் ஊதியது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள்.

"எடுத்துடுங்கக்கா! ஷிப்ட் சங்கு இல்ல இது. உள்ள பாறை விழுந்துடுச்சாம்."

அம்மா வெறுங்கையாலேயே தணலிலிருந்து அதை எடுத்தாள். அப்பா வரவில்லை. "நான்தான் முந்திட்டேன்" என்று தழும்பேறிய உள்ளங்கையைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே அவளும் போய்ச் சேர்ந்தாள்.

கடற்கரையில் கருவாடு சுட்டவளிடம் போய்க் கேட்டேன்:

"உங்க வூட்டுக்காரரு கரைக்கு வந்துட்டாராம்மா?"