முதலையைப் பட்டினி போட்ட மாமா

என் மாமாவோடு ஒரு மாதம் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன். காரணம் ஒரு முதலை.

எங்கள் ஊரான சாரத்தில், வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு, ஒரு பெருமழைக்குப் பிறகு அது வந்து சேர்ந்தது. பாலத்தையொட்டிய மண்மேட்டில் வாயைப் பிளந்தபடியே கிடக்கும். எனக்கு அப்போது ஏழு வயது. மாமாவின் ஆட்டுக்கறிக் கடை வாசலில் வாய் திறந்து நிற்கும் நாய்களெல்லாம் பசியோடு நிற்பவை. ஆகவே முதலைக்கும் பசி என்று முடிவு கட்டினேன். கடையில் ஒதுக்கிய சவ்வையும் கொழுப்பையும் பையில் அள்ளிப்போய், பள்ளி விட்டதும் தினமும் பாலத்திலிருந்து போட்டேன். பத்தே நாளில் என் காலடி கேட்டு நீந்தி வரப் பழகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்து உள்ளே கோழியைக் கட்டினார்கள். ஆட்டுக்கறி கிடைக்கும்போது கோழியை யார் சீண்டுவார்கள்? ஒரு வாரமாகியும் அது கூண்டுப் பக்கம் போகவில்லை.

"ஆள் சத்தம் கேட்டா கிட்ட வருது சார். திங்கக்கெழம வரைக்கும் பாப்போம். அப்புறம் நாங்களே அடிச்சிடுவோம்" என்று தெருக்காரர்கள் கத்தினார்கள்.

"மீனத் தின்னுட்டு ஒதுங்கிப் போற ஜீவன்ங்க இது. வாயத் தொறந்து வெச்சிருக்கறது சூடு தணியத்தான். யாரோ தீனி போட்டுப் பழக்கிட்டாங்க. கூண்டுல ஏறிட்டா பெரிய ஏரியில கொண்டு விட்டுடுவோம்" என்றார் வனத்துறைக்காரர். கூண்டு என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. மாமா என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

மறுநாள் கடை திறக்கவில்லை. கை வலி என்றார். வெள்ளி, சனி போய் ஞாயிறும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கும் கறிக்கடையை எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேறு கடைக்குப் போனார்கள்.

"செத்துடும் மாமா, கொஞ்சமாச்சும் குடு" என்று அழுதேன். மாதக்கணக்கில் தின்னாமல் கிடக்கக்கூடிய உயிர் அது என்று எனக்கென்ன தெரியும்?

"கடையே இல்லியேம்மா, எங்கேர்ந்து குடுப்பேன்?" என்றார்.

திங்கள் விடியும்போது அது கூண்டுக்குள் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் லாரியில் ஏற்றிப் போனார்கள். நான் மாமாவின் முழங்காலில் எட்டி உதைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

தீனி போட்டது யார் என்று தெருவே துருவியது. "நாந்தான். கடைக் கழிவ வாய்க்கால்ல கொட்டிட்டேன். தப்புதான்" என்று மாமா கை கூப்பினார். பெரியவர், சின்னவர் என்றில்லாமல் ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். பக்கத்தில் நின்ற நான், அவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.