பெயரின் நடுவே ஒரு மூச்சு

அந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஒரு நாளாவது வாய் திறந்து பாடியிருப்பாரா என்று எனக்கு அன்றும் சந்தேகம், இன்றும் சந்தேகம். பாடகர் குழுவுக்கும் ஓர்க்கெஸ்ட்ராவுக்குமாக ஒரு திருப்பாடலை அவர் இசையமைத்திருந்தார். எண்பதுகளின் கடைசியில், லண்டனின் லூயிஷாமில் எங்கள் பங்குத் தேவாலயக் குழு அதைப் பாட எடுத்தது. ஒரு வரிக்கு இரண்டு ஆளின் மூச்சு வேண்டும்.

பெண்களின் கீழ்க்குரலில் நாங்கள் நாலே பேர்: இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், என் அக்கா, நான். ஓரிடத்தில் வாத்தியங்கள் எல்லாம் அடங்கிவிடும். எங்கள் குரல் மட்டும் இழுத்துக்கொண்டே போய்க் கடவுளின் பெயரில் ஏறவேண்டும். பெயருக்கு முன்னால் யாரும் மூச்சு எடுக்கக் கூடாது, வாத்தியம் திரும்பி வந்தபின் பெயரின் நடுவில் ஒருவர் மாறி ஒருவர் எடுங்கள் என்று குழுவை நடத்தியவர் தலைதலையாக அடித்துக்கொண்டார்.

அக்கா கேட்டால்தானே.

"கடவுளின்ரை பேரை நடுவிலை வெட்டேலாது," என்றாள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தந்த கன்னியாஸ்திரி, அப்படி வெட்டினால் காதைத் திருகுவார்.

"அக்கா, இது லண்டன். அந்த சிஸ்டர் இங்கை வரமாட்டா. விடுங்கோ."

"பாட்டை விட்டாலும் விடுவன். இதை விடேலாது."

செவ்வாய்க்கிழமைதோறும் ஒத்திகையில் பெயருக்கு முன்னால் நின்று மூச்சு எடுப்பாள்; அதே இடத்தில் அதே ஓட்டை. நடத்துபவர் எங்கள் இருவரையும் சேர்த்தே பார்ப்பார். எனக்கு மானம் போகும். அகதி மனுவுக்குப் பதில் வராமல், வேலைக்குப் போக அனுமதியும் இல்லாமல் அறைக்குள்ளேயே கிடந்த அக்காவுக்கு வாரத்தில் வெளியே போக இருந்தது அந்த ஒத்திகை ஒன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான், நடத்துபவரிடம் தனியாகப் போய் அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். குழுவில் குறை சொல்கிறார்கள் என்று அவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார். அவள் பாட்டுத்தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

கச்சேரியன்று அந்த இடம் வந்தது. வாத்தியம் அடங்கியது. பெயரை வெட்டியே தீருவது என்று வீட்டிலிருந்தே முடிவுகட்டி வந்தவள் நான். ஆனால் பாழாய்ப்போன வாய், பெயருக்கு முன்னால் தானாக நின்று மூச்சு எடுத்தது. ஓட்டை விழுந்தது. நடத்துபவர் என்னை மட்டும் பார்த்தார்.

கேட்க வந்திருந்த அக்கா, திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் வெட்டேல்லை, என்ன? கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்," என்றாள். முகம் முழுக்கச் சந்தோஷம். "என்னைப் பற்றிக் குறை சொன்னது அந்த வெள்ளைக்காரியளாத்தான் இருக்கும். நீ அவையோடை சண்டைக்குப் போகாதை."

"ஓம் அக்கா," என்றேன். "போகமாட்டன்."