பவளத்துக்கு உடம்பு சரியில்லை

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு உப்புநீர்க் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த பவளம் வெளுக்க ஆரம்பித்தது. தண்ணீர் சூடாகிவிட்டதுதான் காரணம். இருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். வெளிச்சம் படாமல் ஜன்னலைப் போர்வையால் மூடினேன். நானும் மனைவியும் வியர்த்து வழிந்தோம்.

வீடு ஏன் இருட்டாக இருக்கிறதென்று பக்கத்து வீட்டு டீச்சர் விசாரித்தபோது மனைவி, "பவளத்துக்கு உடம்பு சரியில்லக்கா. வெளுத்துப் போச்சு" என்றிருக்கிறாள்.

மாலையிலேயே டீச்சர் ரொட்டி, சாத்துக்குடி, பைபிளோடு வந்துவிட்டார். "எங்க படுத்திருக்கா அந்தப் பொண்ணு?"

வேறு வழியில்லாமல் தொட்டியைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு உயிர் இருக்கா சார்?"

"இருக்கு டீச்சர்."

"அப்ப சரி" என்று முக்காடு போட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். நாங்களும் எழுந்து நின்றோம்.

தினமும் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, உப்பு கூடாமல் பார்த்துக்கொண்டேன். சில வாரங்களில் பழைய பழுப்பு நிறம் திரும்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் எங்களைச் சர்ச்சுக்கு அழைத்துப்போய், நன்றிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போதகர் அதைப் பார்த்து, "சகோதரி பவளம் சுகமடைந்ததற்காக ஸ்தோத்திரம்" என்று உரக்கச் சொன்னார். சபையே ஆமென் என்றது.

வெளியே வரும்போது போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"சரிங்க ஐயா" என்றேன்.