தலையாட்டினால் ஜெர்மனிக்குக் கேட்காது

போன வியாழக்கிழமை மதியம் எங்கள் வீட்டு டெலிபோனைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. திருநின்றவூரில் எங்கள் தெருவுக்கே போன் ஒன்றுதான். அது என் வீட்டில் இருப்பதால் நானும் ஒரு பிரமுகர்!

ஜெர்மனியிலிருந்து கால் வரப்போகிறது. யாருக்கு? எதிர்வீட்டுக் கலைச்செல்விக்கு. கடைசி வருட மெக்கானிக்கல் மாணவி. பம்ப் தயாரிக்கும் ஒரு ஜெர்மன் கம்பெனி, அவள் கல்லூரியில் ஐந்து பேரிடம் போனிலேயே இன்டர்வியூ நடத்தி ஒருவரை மட்டும் எடுக்கிறது. நாலு பேர் பேசி முடித்தாயிற்று. இவள்தான் கடைசி.

அப்பா ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவள் இவள். இந்த வேலை கிடைத்தால்... சொல்ல வேண்டுமா?

சும்மா இருப்பேனா நான்? ஒரு வாரமாகக் கோச்சிங். வெளிநாட்டுக்காரரிடம் பேச உனக்கு என்னய்யா தெரியும் என்று கேட்காதீர்கள். நான் பாஸ்போர்ட்டைக்கூடப் பக்கத்தில் பார்த்ததில்லை.

அவளை ஹாலில் உட்காரவைத்து, நான் சமையலறையிலிருந்து வெள்ளைக்காரனாகக் கேள்வி கேட்பேன். பதிலே வராது. எட்டிப் பார்த்தால் — தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள்!

"அம்மா தாயே, நீ தலையாட்டினா ஜெர்மனிக்குக் கேக்காது. வாயைத் திறந்து எஸ்னு சொல்லு."

"என்னங்க, ரேடியோ நாடகமா போடறீங்க? குக்கர் விசிலை எண்ண விடுங்க" என்று என் மனைவி என்னை அடுப்படியை விட்டே விரட்டினாள்.

கம்பெனி ஒரு பம்ப் டிராயிங்கை ஃபேக்ஸில் அனுப்பியிருந்தது. அதைப் பற்றித்தான் கேள்விகள். "பிரமாதமான டிராயிங்னு ஆரம்பி. அவன் எது சொன்னாலும் எஸ் சார், வெரி குட் சார். ஒத்துப்போற ஆளைத்தாம்மா எல்லாருக்கும் பிடிக்கும்" என்று உபதேசம் செய்து வைத்தேன்.

மூன்று மணிக்கு போன் அடித்தது. நன்றாகத்தான் ஆரம்பித்தாள். 'எஸ்' எல்லாம் கணீரென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திடீரென்று...

"நோ சார். திஸ் இஸ் நாட் பாசிபிள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையை ஆட்டினேன், வாயைப் பொத்திக் காட்டினேன், கும்பிட்டே காட்டினேன். அவளா? முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"தி டிராயிங் இஸ் ராங், சார்."

கெட்டது குடி! அப்புறம் ரொம்ப நேரம் ரிசீவரைக் காதில் வைத்தபடி பேசாமல் நின்றாள். பிறகு ஏதோ விளக்கினாள், "தேங்க்யூ சார்" என்றாள், போனை வைத்தாள்.

"ஏம்மா, இப்படிப் போட்டு உடைச்சிட்டியே!"

"அங்கிள், அந்த டிராயிங்படி செஞ்சா போல்ட் பம்ப்போட சுவரை ஒட்டி வருது. ஸ்பேனர் திரும்ப இடமே இல்ல. லீவுல அப்பா பட்டறைல நானே ஸ்பேனர் புடிச்சிருக்கேன்... எப்படி எஸ் சொல்றது? அதை வரைஞ்சதே கேள்வி கேட்டவர்தானாம்! லைன்லயே இருக்கச் சொல்லிட்டு, போய்ப் பார்த்துட்டு வந்து, 'நீ சொல்றது கரெக்ட், மத்த நாலு பேரும் வெரி குட் டிராயிங்னு சொல்லிட்டாங்க'ன்னார். ஜூலைல வந்து சேரச் சொல்லிட்டார் அங்கிள்!"

தெருவே கத்தியது. என் மனைவி சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள். என் கோச்சிங் மண்ணைக் கவ்வியதை மறந்து நானும்தான் கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம்!

சாயங்காலம் லோக்கல் ரயிலை விட்டு இறங்கிய ஏகாம்பரம், வழியிலேயே சேதி கேட்டு, நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார்.

"வெள்ளக்காரன் டிராயிங்கையே தப்புன்னு சொல்ட்டாளா சார்? இருவது வருசமா பட்டறைக்குத் தப்பு டிராயிங் வந்துகினுதான் கீது. ஒரு நாளு நான் வாயைத் தொறந்ததில்ல. அரத்தால ராவி, சரி பண்ணிகினு போய்கினே இருப்பேன். எம்பொண்ணு சொல்ட்டா சார்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். காலேஜில் எட்டு செமஸ்டர் சொல்லித் தருகிறார்கள். பெரிய மனிதர் ஒருவரிடம் 'இது சரியில்லை' என்று மரியாதையாகச் சொல்வது எந்த செமஸ்டரில் வருகிறது?

நேற்று கலைச்செல்வியின் காலேஜிலிருந்து மூன்று மாணவர்கள் வந்தார்கள், இன்டர்வியூவுக்குத் தயார் செய்யுங்கள் என்று. "வெள்ளைக்காரன் இருக்கட்டும். முதல்ல நான் சொல்றதுக்கு நோ சொல்லிப் பழகுங்க" என்றேன்.

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள் — "எஸ் சார்!"