நோன்பிருந்து குருதி கொடுக்க வந்தவர்கள்

நம் நாடு விடுதலை பெற்ற காலத்தைப் பற்றி மலாக்காவில் எழுதப்பட்டவற்றுள் என் கைக்குக் கிட்டியவற்றையெல்லாம் படித்திருக்கிறேன். கொடியேற்றம், ஊர்வலம், மேடைப்பேச்சு யாவும் அவற்றில் உள்ளன. அக்காலத்துப் பெண்கள் தம் உடல்நோயை யாரிடம் சொன்னார்கள், யார் செவிகொடுத்தார்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை. எழுதத் தகாதது என்று விட்டிருப்பார்கள். நானும் அவ்வாறே எண்ணி நெடுங்காலம் வாளாவிருந்தேன். ஆனால், சில பெண்கள் கொடுத்த குருதியால் உயிர்பிழைத்தவள் நான். அவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் ஒருவர் இருவரே. பெற்றுக்கொண்டவள் எழுதாமல் போனால், கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்ல வேறு எவரும் இரார். ஆதலின் இதனை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு அகவை இருபத்தெட்டு. காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவர் அரசு அலுவலகமொன்றில் எழுத்தர். மணமாகி ஆறாண்டுகள் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை.

மூன்று நான்கு நாள்களில் நிற்க வேண்டிய மாதவிலக்கு எனக்குப் பத்து நாள், பன்னிரண்டு நாள் என நீளத் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. இந்நோயை நம் மருத்துவ நூல்கள் பெரும்பாடு என்று குறிக்கின்றன. நூலில் படித்த பெயரை வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை. வகுப்பில் எழுதும்போது கரும்பலகையின் சட்டத்தை இடக்கையால் பற்றிக்கொள்வேன். பிள்ளைகள் அதனை என் வழக்கமென்று நினைத்தார்கள். தலைசுற்றுகிறது என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். அவர் மருந்தகத்துக்குப் போய்த் தலைசுற்றலுக்கு மருந்து வாங்கிவந்தார். இளஞ்சிவப்பு நிறத்தில் இனிப்பாக இருந்த அம்மருந்தைக் குப்பி குப்பியாகக் குடித்தேன்.

நாணம் மட்டுமன்று, அச்சமும் என் வாயை அடைத்திருந்தது. மருத்துவர் ஒருவர் பார்த்தால், ‘உனக்குப் பிள்ளை பிறக்காது’ என்று சொல்லிவிடுவார் என அஞ்சினேன். எவரும் சொல்லாத வரையில் நம்பிக்கை என்னிடமே இருக்கும் அல்லவா?

எங்கள் வீட்டை அடுத்து மலாக்காச் செட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் வழிபாட்டில் நம்மவர்; வீட்டுப் பேச்சோ மலாய். அவ்வீட்டுத் தலைவிக்கு நாற்பது வயதிருக்கும். ஏழு பிள்ளைகள், கடைசிக் குழந்தைக்கு எட்டு மாதம். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை ‘அடிக்’ என்பார். இளையவள் என்று பொருள். ஒரு நாள் பின்கட்டு வேலியருகே அவர் என்னை நிறுத்தினார். மலாயில் அவர் பேசியதை நம் பேச்சில் தருகிறேன்.

“அடிக், அந்தப் பச்சை சாரோங்க ஏன் தினமும் காயப்போடுற? உனக்கு வேற சாரோங் இல்லையா?”

“இருக்குக்கா. அழுக்காயிடுது.”

“அழுக்கா? உடுத்தி நான் ஒரு நாளும் பாக்கல. கொடியில மட்டும்தான் பாக்குறேன். அதுக்கு அடியில என்ன தொங்குதுன்னு ஏழு பெத்தவளுக்குத் தெரியாதா? பன்னண்டு நாளாச்சு இந்தத் தடவ.”

நான் அழுதுவிட்டேன். அவர் வேலியைச் சுற்றி வராமல், அதன் இடைவெளியில் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

விடுதலைக்குப் பின் அரசின் நலத்துறை, தாய் சேய் நலப் பணிக்காகச் செவிலியரைப் பல இடங்களுக்கும் அனுப்பத் தொடங்கியிருந்தது. எங்கள் பகுதிப் பொதுமண்டபத்திற்கு ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு மலாய்ச் செவிலியர் மிதிவண்டியில் வருவார். துலாக்கோலில் குழந்தைகளை நிறுத்து, அட்டையில் குறித்துக் கொடுப்பார். கைக்குழந்தை இல்லாத பெண் அங்கே நுழைந்தால், ‘இவள் ஏன் வந்தாள்?’ என்று நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அதைச் சொன்னதும் அக்கா சிரித்தார்.

“பிள்ளைதானே வேணும்? என்னோடத எரவல் வாங்கிக்கோ. நல்ல கனம். தூக்கிட்டு நடக்கும்போது நீ விழுந்தாலும் அவன கீழ போட்டுடாத.”

அவ்வாறே அவர் மகனை இடுப்பில் ஏந்திக்கொண்டு நான் வரிசையில் நின்றேன். செவிலியர் குழந்தையை நிறுத்து, “நலமாக இருக்கிறான்” என்றார். அக்கா குனிந்து அவர் காதருகே, “அவன் நலமாத்தான் இருக்கான் மிஸ்ஸி. தூக்கிட்டு வந்தவளப் பாருங்க” என்றார். செவிலியரை மிஸ்ஸி என்றழைப்பது எங்கள் ஊர் வழக்கு. அப்பெண்மணி எழுந்து வந்து, என் கீழிமையைக் கட்டைவிரலால் தாழ்த்திப் பார்த்தார். முகம் மாறியது. வேறெதுவும் கேளாமல் பெரிய மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதினார். அடுத்த நாளே போக வேண்டும், கணவரை உடன் அழைத்துப் போக வேண்டும் என்றார்.

மருத்துவமனையில் என் அச்சம் உண்மையாயிற்று. கருப்பையில் கட்டிகள் வளர்ந்திருந்தன. கருப்பையை அகற்றுவதே உயிர்காக்கும் வழி என்றார் மருத்துவர். இருக்கும் குருதியைக் கொண்டு என் உடல் அறுவையைத் தாங்காதாம்; முதலில் குருதி ஏற்ற வேண்டும். மருத்துவமனைக் கிடங்கில் குருதி குறைவு. உறவினரும் நண்பரும் கொடுத்தால், அஃது எவ்வகையினதாயினும் கிடங்கில் சேரும். ஈடாக எனக்குப் பொருந்துவதை எடுத்து ஏற்றுவார்கள்.

நான் வேண்டாம் என்றேன். வெளி வராந்தாவின் நீள்பலகையில் கணவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

“ஒரு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா உங்கம்மா உங்களுக்கு வேற பொண்ணு பாப்பாங்கன்னு.”

“எங்கம்மா ஒரு பொண்ணு பாக்கவே மூணு வருஷம் எடுத்துக்கிட்டாங்க. இன்னொண்ணு பாக்க அவங்களுக்குப் பொறுமை கிடையாது” என்றார். பிறகு, “எனக்கும் கிடையாது. கையெழுத்துப் போட்டுட்டு வரேன், இங்கயே இரு” என்று எழுந்து போனார்.

அவர் குருதி கொடுத்தார், அது போதவில்லை. எங்கள் உறவினரெல்லாம் வேறு மாநிலத் தோட்டங்களில் இருந்தனர். அப்போதுதான் அக்கா, மாரியம்மன் கோயிலில் வெள்ளிதோறும் கூடி மாலை தொடுக்கும் பெண்களிடம் பேசினார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் சிலவே. அவற்றையும் மலாயையும் கலந்து என்ன சொன்னாரோ, நான் அறியேன். என் நோய் இன்னதென்று பலர் நடுவில் வெளிப்படையாகச் சொன்னது அதுவே முதல்முறை. எவரும் முகம் சுளிக்கவில்லையாம். பன்னிருவர் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். வரும் வெள்ளியன்று காலை குருதி கொடுப்பது, மறுநாள் எனக்கு அறுவை என்று முடிவாயிற்று.

அன்று மருத்துவமனை மாடியில் படுக்கையில் கிடந்த நான், கீழே நடந்ததைக் காணவில்லை. அக்கா சொன்னதையும், அவர்களுள் ஒருவரான இடியப்பம் விற்கும் அம்மையார் பிற்பாடு பலமுறை நடித்துக் காட்டியதையும் இணைத்து எழுதுகிறேன்.

பன்னிருவரும் விடியலில் தலைமுழுகி, ஈரக்கூந்தலோடு, மஞ்சள் சேலை உடுத்தி வந்திருந்தனர். புக்கிட் பாருவிலிருந்தும் செமாபோக்கிலிருந்தும் நடந்தே வந்தோர் உண்டு. முதலாமவர் படுத்து ஊசி குத்தியதும் மயங்கினார். அவரைத் தாங்க எழுந்த இரண்டாமவரும் சரிந்தார். எங்கள் புதன்கிழமைச் செவிலியரும் அன்று அங்கே இருந்தார். அவர் கேட்க, அக்கா தமக்குத் தெரிந்த அளவில் இருபக்கமும் மொழிபெயர்த்தார்.

“காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?”

“ஒண்ணும் சாப்பிடல மிஸ்ஸி. நேத்து மத்தியானத்துலேருந்து விரதம்.”

“யார் உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல. ஆத்தாளுக்குப் பால்குடம் எடுக்கவே விரதம் இருக்கோம். இது பால விடப் பெரிசாச்சே!”

அக்காவும் நோன்பிருந்தே வந்திருந்தார். ஆகவே இதில் பிழையிருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை. செவிலியர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “நோன்பு எனக்கும் தெரியும். ஆண்டுக்கு ஒரு மாதம் நானும் இருப்பவள்தான். நோன்பு வேறு, ஊசி வேறு. இன்று உங்களில் ஒருவரிடமும் எடுக்க முடியாது” என்றாராம். அறுவையை அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. எனக்கோ அன்று விடியலிலேயே மீண்டும் குருதிப்போக்கு மிகுந்திருந்தது. அடுத்த வாரம் வரை தாங்குவேனா என்பது ஐயமே.

அப்போது இடியப்ப அம்மையார் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாராம். “சாப்பிட்டா எடுப்பீங்களா? அதக் கேட்டுச் சொல்லு” என்றார் அக்காவிடம். எடுக்கலாம், இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கலாம் என்றார் செவிலியர், முட்டை இருந்தால் நல்லது என்றும் சொன்னார். “வெள்ளிக்கெழமையில முட்டையா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “ஆத்தா கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கட்டும்டீ. அவளும் பொம்பளதானே, அவளுக்குத் தெரியாதா?” என்று அடக்கினாராம் அம்மையார்.

மருத்துவமனைக்கு எதிரே இருந்த சீனர் கடையில், மஞ்சள் சேலை உடுத்திய பன்னிரு பெண்கள் வரிசையாக அமர்ந்து, அரைவேக்காட்டு முட்டையும் ரொட்டியும் கறுப்புக் கோப்பியும் உட்கொண்டனர். கடைக்காரர் அடுப்படியை விட்டு வெளியே வந்து பார்த்தாராம். கடைப்பலகையில் அமர்ந்து உண்பது அவர்களுட் பலருக்கு அதுவே முதன்முறை.

திரும்பி வந்ததும், செவிலியர் இம்முறை ஒவ்வொருவர் விரல்நுனியிலும் ஒரு துளி எடுத்து முதலில் சோதித்தார். முடிவு எவரும் எதிர்பாராதது. பன்னிருவருள் பலர்க்குக் குருதி குறைவு. கொடுக்க வந்தவர்களே பெற வேண்டிய நிலையில் இருந்தார்கள். செவிலியர் காரணம் விசாரித்தபோது, ஒருவர்க்குப் பேறுகாலத்திலிருந்து கருப்பை இறங்கியிருந்தது தெரிந்தது. மற்றொருவர்க்கு என் நோயே இருந்தது. அடுத்தடுத்து நின்றிருந்த அவ்வரிசையில், ஒவ்வொருவரும் அடுத்தவரின் துன்பத்தை அன்றுதான் கேட்டறிந்தனர். கோயிலில் பல்லாண்டுகள் ஒரே கூடையிலிருந்து பூ எடுத்தவர்கள் அவர்கள். செவிலியர் இரும்புச்சத்து மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, “புதன்கிழமை வாருங்கள். குழந்தை தேவையில்லை, நீங்களே வாருங்கள்” என்றார்.

தகுதி பெற்ற சிலர் கொடுத்தார்கள். எஞ்சியது கிடங்கிலிருந்து வந்தது. அதனை யார் கொடுத்தார்கள் என்று மருத்துவமனைப் பணியாளிடம் கேட்டேன். “மலாய்க்காரங்களோ, சீனவங்களோ, போலீஸ்காரங்களோ, யாருக்குத் தெரியும்? பாட்டில்ல பேரா எழுதியிருக்கு?” என்றார். புதிய நாடு என்று பலரும் பேசியதைக் கேட்டிருந்தேன். அது என் கைந்நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக இறங்கக் கண்டது அன்றுதான்.

சனிக்கிழமை அறுவை நடந்தது. விழித்தபோது கணவர் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளையின் நாரைக்கூட விடாமல் நீக்கிக்கொண்டிருந்தார். இனிப் பிள்ளையில்லை என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வருத்தம் பின்னர் நெடுநாள் எங்களுடன் வாழ்ந்தது. ஆயினும் நானும் வாழ்ந்தேன். இரண்டு மாதம் கழித்து வகுப்பில் எழுதினேன். இடக்கைக்குப் பற்றுக்கோடு தேவைப்படவில்லை.

புதன்கிழமைகளில் கைக்குழந்தையில்லாப் பெண்களும் அம்மண்டபத்திற்கு வரலாயினர். முதற்சில வாரங்கள் நான் வாயிலருகே அமர்ந்து, சொல்லத் தயங்கியவர்க்கு மலாயில் சொல்லிக் கொடுத்தேன். எழுத இயலாதவர்க்கு எழுதியும் கொடுத்தேன். அந்நோயின் பெயரை உரக்கச் சொல்ல என் நாவும் அங்கேதான் பழகிற்று.

மாடியில் படுக்கையில் கிடந்தவள் எழுதும் வரலாறு இது. அன்று குருதி கொடுத்தவர் ஐவர் என்றார் அக்கா; அறுவர் என்று இடியப்ப அம்மையார் இறுதிவரை வாதிட்டார். விடுபட்ட அந்த ஒருவர் யாரென்று நான் அறியேன். அறியாமலே அவர் குருதியைச் சுமந்து இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கக்கூடும். இதைப் படிப்போரில் எவருடைய தாயாரோ சிற்றன்னையோ அவ்வெள்ளிக்கிழமையைப் பற்றி வேறு விதமாகச் சொல்லியிருந்தால், பிழை என்னுடையதாகவே இருக்கும். கூச்சமின்றி எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன்.